பிரச்சனை ஒண்ணுமில்லீங்க

காது குத்து விருந்தில் ரசம் கொஞ்சம் காரமாகிவிட்டது. எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்த மடத்துக்குளம் சித்தப்பா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, மண்டபத்துக்கே கேட்கும்படி அம்மாவிடம் கேட்டார்.

"ஏனுங் நங்கை, இந்த ரசத்துல வயிறு எரிஞ்சா உங்க கம்பெனி பாத்துக்குமுங்களா?"

எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம். அந்த மரியாதை குறையாமல் எவ்வளவு ஆழமாகக் குத்தலாம் என்பதைச் சித்தப்பாவிடம்தான் கற்க வேண்டும். பந்தி சிரித்தது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவரும் வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார், அவரும் பாலிசிதாரர். அம்மா இலையை மூடிவிட்டு எழுந்தார். பாயசம் அப்போதுதான் சமையற்கட்டிலிருந்து கிளம்பியிருந்தது. பாயசத்துக்கு முன் அம்மா எழுந்து நான் பார்த்ததே இல்லை.

அது அம்மாவின் கம்பெனி இல்லை. அம்மா ஏஜென்ட்டும் இல்லை. மளிகைக் கடையில் தீப்பெட்டிக்குக்கூடக் காலாவதித் தேதி தேடுபவர் என்று அம்மாவுக்குச் சொந்தக்காரர்களிடையே ஒரு பெயர். மருத்துவக் காப்பீடு எடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, அந்தக் கம்பெனியின் துண்டுப் பிரசுரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கடைசி வரி வரை படித்தார். கடைசி வரியில், கண்காணிப்பு ஆணையம் கொடுத்த பதிவு எண் இருந்தது. அம்மாவுக்கு அது போதும். "மேலாபீஸ் பாத்து நம்பர் குடுத்திருக்குது. இவங்க தப்புப் பண்ணுனா அவங்க பாத்துக்குவாங்க" என்று அண்ணன் வீடு, கொழுந்தனார் வீடு, நாத்தனார் வீடு என்று எல்லா வீட்டிலும் சொன்னார். எல்லா வீடும் பாலிசி எடுத்தது. அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் அந்த ஆணையத்துக்கு 'மேலாபீஸ்' என்றே பெயர்.

பிறகு சித்தப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. உடுமலையில் ஆஸ்பத்திரிக் கவுன்டரில் வலியோடு நின்று அட்டையை நீட்டினார். இந்தக் கம்பெனி அட்டையை நாங்கள் இப்போது வாங்குவதில்லை என்றார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால் நாதஸ்வரம் வாசித்தது. கல் எடுத்து முடிக்கும் வரைக்கும் வாசித்தது என்பார் சித்தப்பா.

கம்பெனி தள்ளாடுகிறது என்பது அதற்குப் பிறகுதான் செய்தித்தாளில் வந்தது. அதே செய்தியின் கீழே இன்னொன்றும் இருந்தது. நாங்கள் பாலிசி எடுப்பதற்கு முன்பே, கம்பெனியிடம் இழப்பீடு கொடுக்கப் போதிய கையிருப்பு இல்லை என்று மேலாபீஸுக்குத் தெரியும். கம்பெனிக்கு எச்சரிக்கைக் கடிதம்கூட எழுதியிருக்கிறது. வெளியே யாரிடமும் சொல்லவில்லை. புதுப் பாலிசி விற்பதை நிறுத்தவும் இல்லை.

காது குத்திலிருந்து திரும்பிய அன்று இரவு அம்மா அந்தச் செய்தியை மறுபடி எடுத்து இரண்டு முறை படித்தார்.

"எனக்குக் காசு வர்றப்ப வரட்டும் கண்ணு. அந்த மேலாபீஸ்காரங்க உங்க சித்தப்பன் முன்னால வந்து நின்னு, 'இந்தம்மா மேல தப்பில்ல, நாங்கதான் பாக்காம உட்டுட்டோம்'னு ஒரு வார்த்தை சொல்லோணும். அதுவரைக்கும் நான் ஒரு விசேஷத்துக்கும் வர மாட்டேன்."

நான் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவள். எதையும் வரிசைப்படுத்தினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவள். ஆணையத்தின் புகார்ப் பக்கத்தைத் திறந்தேன். 'நீங்கள் கோரும் தீர்வு' என்ற இடத்தில் தேர்ந்தெடுக்கச் சில வாய்ப்புகள் இருந்தன. இழப்பீடு, பாலிசி ரத்து, முகவரி திருத்தம். சித்தப்பா முன்னால் வந்து நிற்பது அதில் இல்லை. 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'உறவினர் முன்னிலையில் பொறுப்பேற்றல்' என்று எழுதினேன். மறுநாள் காலை, என் புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்தது.

அம்மா மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர் அந்தப் பாலிசியை வைத்திருந்தார்கள். வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். காலையில் ரோஜாப்பூ, மாலையில் கோபம். ஆணையத்தின் அலுவலகம் முன்னால் போய்க் கோஷம் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். 'பதில் சொல்!' என்பது கோஷம். ஒரு மாதிரி மொட்டையாக இருக்கிறது என்று பலர் சங்கடப்பட்டதால் 'பதில் சொல்லுங்க!' என்று மாற்றினோம். அப்புறம் பனியன் கம்பெனிகளுக்குத் தீபாவளி ஆர்டர் வந்து கோஷம் தள்ளிப்போனது. ஆனால் புகார்களை மட்டும் நான் விடவில்லை. தீர்க்கப்பட்டதாகச் செய்தி வரும் ஒவ்வொன்றுக்கும், தீரவில்லை என்று ஒரு பதில். கடைசியில், ஒரு அதிகாரி நேரில் வந்து பாலிசிதாரர்களின் குறைகளைக் கேட்பார் என்று ஆணையம் எழுதியது. இடத்தை நாங்களே ஏற்பாடு செய்ய வேண்டுமாம்.

"மண்டபத்துக்கு எதுக்கு வாடகை கண்ணு? நம்ம பேக்கிங் ஹால் இருக்குதுல்ல" என்றார் மாமா.

மாமா அம்மாவின் அண்ணன். அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். அங்கேதான் எனக்கு வேலை. வெளிநாட்டில் எங்களிடம் துணி வாங்குகிற பையர்கள், கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆடிட்டரை அனுப்புவார்கள். தீயணைப்பான் இருக்கிறதா, அவசர வழியை அட்டைப்பெட்டி அடைத்திருக்கிறதா, முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த ஆடிட்டுக்குக் கம்பெனியைத் தயார் செய்வதும், ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் பழக்கிவிடுவதும் என் வேலை. சுருக்கமாகச் சொல்லுங்கள், சிரித்த முகமாகச் சொல்லுங்கள், கேட்காததைச் சொல்லாதீர்கள். இது என் பாடத்திட்டம். திருப்பூரில் இந்தப் பாடத்தை ஏதாவது ஒரு கம்பெனியில் படிக்காத ஆள் குறைவு.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் பேக்கிங் ஹாலுக்குப் போனேன். கழிவறைச் சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. சோப்பு வந்திருந்தது. அவசர வழியை மறைத்து நின்ற பெட்டிகள் மாயமாகியிருந்தன. முதலுதவிப் பெட்டி நிரம்பி வழிந்தது. சாப்பாடு கொண்டுவருவது பற்றிப் பேச வந்த அம்மா இதையெல்லாம் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, அவரு நமக்குப் பதில் சொல்ல வர்றாரு. நீங்க எதுக்குக் கக்கூஸுக்குப் பெயின்ட் அடிக்கறீங்க?"

மாமாவே கொஞ்சம் குழம்பித்தான் போனார்.

"தெரியலையே அம்மிணி. கழுத்துல அட்டை மாட்டுன ஆளு வர்றாருன்னாவே நம்ம கையி தானா பெயின்ட் டப்பாவுக்குப் போயிருது."

அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் அதிகாரி வந்தார். சென்னைக்காரர், நடுத்தர வயது, அமைதியான மனிதர். திட்டு வாங்கத் தயாராகி வந்திருப்பது நடையிலேயே தெரிந்தது. வாசலிலேயே மாமா சால்வை போர்த்தினார். அதிகாரி பயந்துவிட்டார். உள்ளே மேசையில் முந்திரி, பிஸ்கட், இளநீர். நாற்காலிகளில் பாலிசிதாரர்கள், ஆடிட் நாளைப்போலவே மாமா மாட்டிவிட்ட அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் மாமாவின் நெடுநாள் நண்பரான காதர்பேட்டை பாய். பனியன் மொத்த வியாபாரி, அவரும் அதே பாலிசி. பக்கத்தில் சித்தப்பா, அவரும் ஒரு காலத்தில் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர். நானும் அம்மாவும் பின்னால்.

அதிகாரி முதலில் சித்தப்பாவைக் கேட்டார்.

"ஐயா, ஆஸ்பத்திரியில உங்க அட்டையை ஏத்துக்கிட்டாங்களா?"

சித்தப்பா எழுந்து நின்றார். கவுன்டரில் நாதஸ்வரம் கேட்ட கதையை இந்த ஊர் உலகத்துக்கெல்லாம் சொன்ன மனிதர். தொண்டையைச் செருமினார். சிரித்த முகமானார்.

"ஏத்துக்கலீங்க. ஆனாப் பிரச்சனை ஒண்ணுமில்லீங்க."

"அப்போ செலவுக்கு என்ன பண்ணினீங்க?"

"ஊட்டுக்காரம்மா நகைய வெச்சமுங்க. அது பரவால்லீங்க. நீங்க காப்பி சாப்புட்டீங்களா?"

அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்து பாய்.

"கம்பெனிக்குப் போன் பண்ணினா பதில் சொல்றாங்களா?"

"நல்லா பாட்டுப் போடுறாங்க சார். ஒண்ணும் குறையில்ல."

வரிசையாக இப்படியே. கடிதத்துக்குப் பதில் வந்ததா? வரலீங்க, பாவம் அவங்களுக்கு என்ன வேலையோ. பாலிசியைப் புதுப்பித்தபோது யாராவது எச்சரித்தார்களா? இல்லீங்க, நாங்களும் கேக்கலீங்க. இதற்கு நடுவே டீத் தட்டோடு வந்த எங்கள் ஒடிசா தையல்காரரைப் பார்த்து அதிகாரி சும்மா தலையசைத்தார். அவர் தட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு விறைப்பாக நின்றார். "சப் டீக் ஹை சார். ஓவர்டைம் நஹி ஹை சார்."

எல்லாம் சரி, ஓவர்டைம் கிடையாது என்று சொல்ல நான் பழக்கிவிட்டதுதான். அவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது.

அதிகாரியின் தோள்கள் இறங்கின. இளநீரை எடுத்து உறிஞ்சத் தொடங்கினார். அம்மா என் காதருகே வந்தார்.

"காது குத்துல என்னையக் கிழிச்ச வாயா இது? இரு, இந்த மனுசன் இப்பிடியே எந்திரிச்சுப் போயிருவாரு. அப்புறம் நான் ஆயுசுக்கும் ஊட்டுக்குள்ளயே கெடக்கறேன்."

நான் எழுந்தேன். எனக்குக் கோஷம் போட வராது. சண்டை போடவும் வராது. தெரிந்தது ஒன்றுதான். வருகிற ஆடிட்டர்கள் என்னிடம் எப்படிக் கேட்பார்களோ, அப்படிக் கேட்பது.

"சார், நான் ஒரு நாலு கேள்வி கேக்கலாமுங்களா?"

"தாராளமா" என்றார், இளநீர்த் தெம்பில்.

"கம்பெனில கையிருப்புக் குறையுதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அது... ஆவணங்களைப் பார்த்துத்தான் சொல்லணும்."

"ஆவணம் எங்க இருக்குங்க?"

"தலைமை அலுவலகத்துல."

அந்தப் பதில் எனக்குப் பழக்கம். குடிநீர்ச் சோதனைச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால் நான் சொல்வது அதுதான்.

"எச்சரிக்கைக் கடிதம் அனுப்புனதுக்கு அப்புறம், சரி பண்ணிட்டாங்களான்னு போய்ப் பாத்தீங்களா?"

"தொடர் கண்காணிப்பில் இருந்தது."

இதுவும் என்னுடையதுதான். அவசர வழியில் நின்ற அட்டைப்பெட்டிகளைப் பற்றி நான் ஒருமுறை எழுதிக் கொடுத்த வாக்கியம். பெட்டிகள் அப்போதும் அங்கேதான் நின்றன.

"புதுப் பாலிசி விக்கறத ஏன் சார் நிறுத்தலை?"

"சந்தையில வீண் பதற்றம் வந்துடக் கூடாதுன்னு..."

"சரிங்க சார். இதுக்குப் பொறுப்பு யாரு?"

"துறை."

"துறைன்னு எழுதுனா எங்க பையர் திருப்பி அனுப்பிருவாங்க சார். ஒரு ஆளு வேணும்."

அதிகாரி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"அப்போ அந்தப் பிரிவுல இருந்தவர் ஓய்வு பெற்றுட்டார்" என்றார்.

மாமா தொடையில் தட்டினார். "அப்பிடிப் போடுங்க சார்! நாங்களும் இதையேதான் சொல்லுவோம். தப்புப் பண்ணுன சூப்பர்வைசர் போன மாசமே வேலைய உட்டுப் போயிட்டாருன்னு. எல்லா ஆடிட்டுலயும் அவரு போயிட்டேதான் இருப்பாரு!"

அந்த நொடியில் ஹால் கட்சி மாறியது. அதுவரை கழுத்தில் அட்டை மாட்டிய ஆடிட்டராகத் தெரிந்தவர், இப்போது வியர்த்துக் கொட்டுகிற இன்னொரு பனியன் கம்பெனிக்காரராகத் தெரிந்தார். ஒருவர் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டார். பாய் முந்திரித் தட்டை நகர்த்தினார். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

"பாவம் கண்ணு, மூஞ்சி சுண்டிப் போச்சு. மைனர்னு போட்டு முடிச்சு உடு" என்றார் மாமா.

"மைனர்னா என்னங்க?" என்று கேட்டார் அதிகாரி.

அவ்வளவுதான். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு விளக்க ஆரம்பித்தார். ஆடிட்டில் குறை மூன்று வகை. மேஜர் என்றால் ஆர்டர் போச்சு. மைனர் என்றால் கெடு கொடுப்பார்கள், சரி செய்ய வேண்டும். அப்சர்வேஷன் என்றால் பார்த்தோம், போகட்டும் என்று அர்த்தம். மேஜர் என்று எழுத வந்தால் உடனே ஒத்துக்கொள்ளக் கூடாது. முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். பிறகு மைனருக்கு இறக்க வேண்டும். அங்கிருந்து முடிந்தால் இன்னும் ஒரு படி.

அதிகாரி கெட்டிக்காரர். என்னைப் பார்த்தார்.

"அப்போ இதை அப்சர்வேஷன்னு போட முடியுமாம்மா?"

ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் அம்மா எழுந்தார்.

"நிறுத்துங்கண்ணா."

அம்மா முன்வரிசைக்கு நடந்து போய் மேசையின் எதிரே நின்றார்.

"பாய், உங்க கடைக்கு ஒரு பெட்டி பனியன் வருது. 'செக்கிங் ஆச்சு'ன்னு மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்குது. அத நம்பி நீங்க நாலு பேத்துக்கு விக்கறீங்க. பிரிச்சுப் பாத்தா எல்லாம் ஓட்டை. யாரு மேல தப்புங்க?"

பாய் முந்திரியை வாயருகே நிறுத்தினார். தொழில் விஷயத்தில் அவர் உபசாரம் பார்ப்பதில்லை. "ஸ்டிக்கர் ஒட்டினவங்க மேலதாம்மா. பாக்காம ஒட்டினா தப்பு. பாத்துட்டும் ஒட்டினா அதைவிடப் பெரிய தப்பு."

"நான் பாத்தது இந்த சாரோட ஆபீஸ் ஸ்டிக்கருங்க. அதப் பாத்துத்தான் சொந்தபந்தத்துக்கெல்லாம் சொன்னேன். இன்னிக்கு ரசம் காரமானாலும் எம்பேருதான், சாம்பார் உப்பானாலும் எம்பேருதான். மேஜரோ மைனரோ அத நீங்க பேசிக்குங்க. எனக்கு ஒரு வார்த்தை வேணும். கொழுந்தனாரே, முன்னால வாங்க."

சித்தப்பா பதறி எழுந்து வந்தார். தன்னிடம் மறுபடியும் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். "பிரச்சனை ஒண்ணு..." என்று தொடங்கியவரை அம்மா ஒரு பார்வையில் நிறுத்தினார்.

அதிகாரி சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடித்து மேசைமேல் வைத்தார். எழுந்து நின்றார். அவர் சித்தப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஐயா, உங்க அண்ணி மேல எந்தத் தப்பும் இல்லை. அந்த நம்பரை அவங்க நம்பினது சரிதான். நம்புறதுக்காகத்தான் அதைக் கொடுக்கிறோம். கம்பெனிக்குக் கடிதம் எழுதின அன்னைக்கே உங்களுக்கும் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது எங்க தப்புங்க."

கடைசியில் வந்த அந்த 'ங்க' சென்னையிலிருந்து வந்ததில்லை. காலையிலிருந்து கேட்டுக் கேட்டு அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

சித்தப்பா கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கழுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"காப்பி சாப்புட்டீங்களா நங்கை?"

எங்கள் குடும்பத்தில் மன்னிப்பு இதற்கு மேல் தெளிவாகக் கேட்கப்பட்டதில்லை.

மதியம் மாமா வரவழைத்திருந்த பிரியாணியை அதிகாரி தொடவில்லை. செவ்வாய்க்கிழமை அசைவம் சாப்பிட மாட்டாராம். அம்மா தூக்குப்போசியில் கொண்டுவந்திருந்த அரிசியும்பருப்புச் சாதத்தை நெய் விட்டு அவருக்கு வைத்தார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

சில வாரம் கழித்துக் கூட்டக் குறிப்பு மின்னஞ்சலில் வந்தது. வீட்டுக் கூடத்தில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'கூட்டத்தில் கலந்துகொண்ட பாலிசிதாரர்களில் பெரும்பாலோர் தங்களுக்குப் பிரச்சினை ஏதும் இல்லை எனத் தெரிவித்தனர். ஏற்பாடுகள் சிறப்பாக இருந்தன.' பிறகு ஒரே ஒரு அப்சர்வேஷன்: 'தகவல்களை உரிய காலத்தில் வெளியிடுவது குறித்துப் பரிசீலிக்கலாம்.' எழுந்து நின்று சொன்னது எதுவும் அதில் இல்லை.

அம்மா உடைந்துபோவார் என்று பயந்தேன். அம்மா வெற்றிலை மடிப்பதுபோல் நிதானமாகத் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அவரு சொன்னது உங்க சித்தப்பன் காதுல உழுந்துருச்சு. எனக்கு அது பத்தும். ஆனா இந்தக் காயிதம் பத்தாது. நம்மள மாதிரி இன்னும் எத்தன பொம்பளைக இந்த நம்பரக் காட்டிச் சொல்லிட்டு, ஊட்டுக்குள்ள உக்காந்திருக்காங்களோ. எழுது. ஒத்துக்க மாட்டோம்னு எழுது."

எழுதினேன். இந்த முறை கோவையில் விசாரணை, எல்லோரும் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று பதில் வந்தது.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குளத்தில் சித்தப்பாவின் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். அம்மா பட்டுச் சேலையில் போனார். வாசலிலேயே சித்தப்பா யாரோ ஒருவரைக் கையைப் பிடித்து நிறுத்தி, "எங்க நங்கை மேல தப்பில்லீங்க, மேலாபீஸ்காரரே எம்பட மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு நாங்கள் யார் என்றே தெரியவில்லை.

பந்தி முடிந்ததும் தென்னந்தோப்பில் நாற்காலி போட்டு வகுப்பு எடுத்தேன். என் தொழிலில் இதுவரை எடுக்காத பாடம். குறையைக் குறை என்று சொல்வது எப்படி. மாமா தேறவில்லை, கேள்வி கேட்பதற்கு முன்பே அதிகாரிக்குச் சால்வை போர்த்துவதுபோல் எழுந்துவிடுகிறார். பாயைப் பற்றிக் கவலையில்லை. பனியனை வைத்துக் கேட்டால் உண்மை வந்துவிடும். மிச்சம் சித்தப்பா.

"ஐயா, ஆஸ்பத்திரியில உங்க அட்டையை ஏத்துக்கிட்டாங்களா?" என்றேன் அதிகாரி குரலில்.

"ஏத்துக்கலீங்க."

"அதனால உங்களுக்குப் பிரச்சனை இருந்துச்சா?"

சித்தப்பா நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"இருந்துச்சுங்க. ஆனாப் பர..."

"கொழுந்தனாரே" என்றார் அம்மா.

"இருந்துச்சுங்க" என்றார் சித்தப்பா மறுபடியும். தொண்டையில் இன்னொரு சொல் மேலே ஏறி வருவது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா தான் குடித்துக்கொண்டிருந்த இரண்டாவது டம்ளர் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த புது டம்ளரை எடுத்து அவர் வாயருகே நீட்டினார். சித்தப்பா அந்தச் சொல்லைப் பாயசத்தோடு சேர்த்து விழுங்கினார்.